வாய்வு என்றோம், வயது என்றோம்

எங்கள் வீட்டில் இருதய நோயாளி என்றால் அது அப்பா மட்டும்தான். பதினேழு வருடங்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்பா ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை ஃபெக்டரி மெஷின்களைப் பார்த்துக்கொண்டவர். ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு காலையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். தோட்டத்து லொறியில் போட்டுக் கண்டிக்குக் கொண்டுவந்தார்கள். பிழைத்தார். அஞ்சியோகிராம் செய்து பார்த்ததில் இருதயத்தின் மூன்று இரத்தக் குழாய்களும் ஒடுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். ஒப்பரேஷனுக்கு அவர் சம்மதிக்கவில்லை. "நெஞ்சைக் கிழிச்சுக்கிட்டு உயிரோட இருக்கிறதுக்கு, மாத்திரையைக் குடிச்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்" என்றார். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி கிட்ட இருக்கட்டும் என்று அம்பிட்டிய ரோட்டில், மலைச்சரிவில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். அப்பா, நான், என்னைவிட ஆறு வயது இளையவனான தம்பி.

ரோட்டிலிருந்து வீட்டுக்கு அறுபதுக்கு மேல் படிகள். இருதயம் சரியில்லாதவரை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வீட்டையா பார்த்தீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். ஆனால் அப்பா அந்தப் படிகளோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்துவிட்டார். அவருக்கு எப்போதும் ஒரே இடத்தில்தான் நெஞ்சு இறுக்கும், பாதிப் படி ஏறியதும். அங்கே உட்காருவார். சட்டைப் பையிலிருந்து சின்னப் பழுப்புப் போத்தலை எடுத்து ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைப்பார். சரிவில் போகிற வருகிற ஆட்களோடு இரண்டு வார்த்தை பேசுவார். பிறகு எழுந்து மீதியை ஏறுவார். எங்கே வரும், எவ்வளவு நேரம் இருக்கும், எதற்கு அடங்கும் என்று அவருடைய வலியைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இருதய நோய் என்றால் அது இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று நாங்கள் நம்பிவிட்டோம்.

நான் கண்டி நகரத்தில் ஒரு பாமசியில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பாவின் இருதய மருந்துகளையும் சீனி வியாதி மருந்துகளையும் பழகிப் பழகியே அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. வீட்டில் ஒரே அடுப்பில் இரண்டு குழம்பு வைப்பேன். அப்பாவுக்குத் தேங்காய்ப்பால் இல்லாமல், உப்புக் குறைத்து ஒன்று. தம்பிக்கு முதல்பால் விட்டு, பொரியலோடு ஒன்று. "வளர்ற பிள்ளை சாப்பிடட்டும்" என்பார் அப்பா. அப்போதே அவனுக்கு இருபது வயது. அவன் தாடி வைத்து, வேலைக்குப் போன பிறகும் அந்த இரண்டாவது குழம்பை நான் நிறுத்தவில்லை.

தம்பி திகனயில் ஒரு ஹாட்வெயார் கடையில் லொறி ஓட்டினான். சீமெந்து, கூரைத் தகடு, குழாய் என்று ஏற்றிக்கொண்டு மலையெல்லாம் சுற்றுவான். கடை முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர், அவனைச் சொந்தப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். தம்பிக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. அறுபது படிகளையும் விசிலடித்துக்கொண்டே ஏறிவருவான். சிகரெட் மட்டும் இருந்தது. அதையும் அப்பாவின் கண்ணில் படாமல் கீழே ரோட்டிலேயே முடித்துவிட்டு வருவான்.

அவனுக்கு இருபத்தேழு வயதாக இருக்கும்போது நடந்ததை நான் இங்கே எழுதியாக வேண்டும். இதை எழுதுவதற்காகத்தான் உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம்.

அன்று அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருந்தேன். வழக்கமாகப் பார்க்கிறவர் இல்லை. வயதான சிங்கள டொக்டர் ஒருவர் இருந்தார். அப்பாவின் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து பொறுமையாகப் புரட்டினார். பிறகு நிமிர்ந்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"முதல் அட்டேக் ஐம்பத்து மூணுல வந்ததுதானே? அது சின்ன வயசு. மகன் இருக்கா?"

"இருக்காரு டொக்டர். ஒரு மகன். இது மக" என்றார் அப்பா.

"மகன் கொலஸ்ட்ரோல் பாக்க வேணும். இப்ப பாக்க வேணும். வயசு போகும் வரைக்கும் இருக்க வேணாம். மகளும் பாக்க வேணும். சிகரெட் குடிக்கிறதா மகன்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் இல்லையென்று தலையாட்டினேன். டொக்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "பாக்க வேணும், சரியா?" என்று இன்னொருமுறை சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். அந்த மாதத்தில்தான் தம்பிக்குப் பன்வில பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெண் வீட்டார் நல்ல மாதிரி. ஆனால் இன்னும் முடிவாகப் பதில் சொல்லவில்லை.

"இப்ப இதெல்லாம் சொல்ல வேணாம்மா" என்றார் அப்பா. "பரம்பரை வியாதின்னு பேச்சு வந்துச்சுன்னா பொண்ணு வீட்டுல யோசிப்பாங்க. கல்யாணம் முடியட்டும். அப்புறம் பாத்துக்குவோம்."

"டெஸ்ட் எடுக்கிறது யாருக்குப்பா தெரியப்போவுது?"

"கண்டியில எது தெரியாம இருக்கு?"

எனக்கும் அந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்றிருந்தது. இருபத்தேழு வயதில் யாருக்கு என்ன வந்துவிடப்போகிறது என்றும் தோன்றியது. கல்யாணம் நடந்தது. அடுத்த வருடமே ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்த டொக்டர் சொன்னது எனக்கு அவ்வப்போது நினைவுக்கு வரும். கொலஸ்ட்ரோல் மாத்திரைப் பெட்டியை எடுக்கும்போது வரும். இன்றைக்குச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். வீட்டுக்குப் போனால் அவன் மகளைத் தோளில் வைத்து ஆடிக்கொண்டிருப்பான். நாளைக்குச் சொல்லலாம் என்றாகிவிடும். அந்த 'நாளை' பத்து வருடமானது.

அவனுக்கு முப்பத்தேழு வயது. ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் ஐந்து மணி இருக்கும். திகனயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பாமசிக்குள் வந்தான்.

"அக்கா, நெஞ்சு எரியுது. மத்தியானம் கொத்துரொட்டி சாப்பிட்டது ஒத்துக்கல போல. ஏதாவது குடு."

"வெறும் வயித்துல பிளேன்டியும் சிகரெட்டும் குடிச்சா எரியாம என்ன செய்யும்?"

"சும்மா திட்டாத. தாடையெல்லாம் வேற கடுக்குது. பல்லு ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு நெனக்கிறேன்."

அன்று மத்தியானம்தான் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவரை அவருடைய மகள் கூட்டிவந்து, நெஞ்சு எரிகிறதாம் என்று மருந்து கேட்டிருந்தாள். மருந்து தர மாட்டேன், முதலில் ஈசிஜி எடுங்கள் என்று அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். அதே நான், அதே கவுண்டரில், என் சொந்தத் தம்பிக்குக் கேஸ்ட்ரிக் மாத்திரை ஒரு அட்டையும் வெள்ளைப் பாணி மருந்து ஒரு போத்தலும் எடுத்துக் கொடுத்தேன். தாடை கடுக்கிறது என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. பல் டொக்டரிடம் காட்டு என்று பதில்கூடச் சொன்னேன்.

மறுநாள் காலை பதினொன்றரைக்குத் தம்பியின் கடை முதலாளி எனக்குக் கோல் எடுத்தார்.

"தங்கச்சி, பயப்புடாதீங்க. தம்பிக்கு கொஞ்சம் சொகமில்ல. நாங்க பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தீக்கிறோம். நீங்க ஒடனே வாங்க."

வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே நடந்தும் ஓடியும் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காலை எட்டரைக்கு லொறியில் தகடு ஏற்றிக்கொண்டிருந்தபோதே தம்பிக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. வாய்வுதான், அக்கா மருந்து தந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டு அந்தப் பாணியைக் குடித்திருக்கிறான். ஒரு சோடாவையும் குடித்துவிட்டுக் கடைக்குப் பின்னால் சாக்குகளின் மேல் படுத்திருக்கிறான்.

"நான் ரெண்டு தரம் போய்ப் பாத்தேன் தங்கச்சி. 'ஒண்டுமில்ல முதலாளி, இப்ப சரியாகும்' எண்டு செல்றான். மூணாம் தரம் போனா மொகம் சாம்பல் மாதிரி ஈக்கி. அப்பதான் தூக்கி வேனுல போட்டோம். தென்னக்கும்புர பாலத்துல வாகனம் நகரல்ல. அந்த எடத்துலதான் எனக்கு உசிரு போய் வந்திச்சு."

ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அவன் அந்தச் சாக்குகளின் மேல் படுத்திருக்கிறான். அவன் அவ்வளவு நேரம் பொறுமையாகக் காத்திருந்ததற்குக் காரணம் என் மருந்து.

உள்ளே அவனுக்கு உடனே அஞ்சியோகிராம் செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் தங்கியது. மறுநாள் வேலைக்கு நடுவே பார்க்கப் போனபோது வாட்டில் இருந்த டொக்டர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட மிகவும் இளையவர். அப்பாவின் கதையையும் கேட்டுக்கொண்டார்.

"ஓம் அக்கா, ரெண்டு பேருக்கும் ஒரே இருதய வருத்தம்தான். வந்த விதம்தான் வேற" என்றார். மேசையில் கிடந்த ஒரு காகிதத்தில் கோடு கிழித்துக் காட்டினார். "அப்பான்ர குழாயள் வருசக் கணக்கா மெல்ல மெல்ல ஒடுங்கினது. அந்த நேரத்துக்குள்ள இருதயம் தானாச் சின்னச் சின்னப் பக்கவழியள் பிடிச்சுக்கொள்ளும். அதாலதான் அவர் இவ்வளவு காலம் சமாளிக்கிறார். தம்பிக்கு அப்பிடி இல்லை. அடைப்புப் பெரிசா இருந்திருக்காது. முந்தாநாள் வரைக்கும் ஓடி ஏறியிருப்பார், என்ன?"

"விசிலடிச்சிக்கிட்டு ஏறுவான் டொக்டர்."

"ஓம். குழாய்க்குள்ள இருந்த கொழுப்புப் படிவு திடீரெண்டு வெடிச்சுப் போச்சு. அதில ரத்தம் கட்டிபட்டு, வழி ஒரேயடியா அடைபட்டிட்டுது. பக்கவழி பிடிக்க இருதயத்துக்கு நேரமே கிடைக்கேல்லை. அதாலதான் சேதம் கூட. இளம் ஆக்கள் ஆஸ்பத்திரிக்குப் பிந்தித்தான் வருவினம். தங்களுக்கு வராது எண்டு அவையும் நினைப்பினம், பக்கத்தில இருக்கிற ஆக்களும் நினைப்பினம்."

"அப்ப வயசானவங்கதான் தப்பிச்சுக்கிறாங்களா?"

"இல்லை, அப்பிடி எண்ணக் கூடாது. அவையளுக்குச் சீனி, பிரஷர், கிட்னி எண்டு எல்லாம் சேர்ந்து கிடக்கும். சில வயசாளியளுக்கு நோவே தெரியாது. சும்மா களைப்பு, இளைப்பு, சாப்பாடு மனமில்லை எண்டுதான் வரும். அப்பாவையும் கவனிக்க வேணும், விளங்குதோ?"

விளங்குகிறது என்று தலையாட்டினேன். உண்மையில் நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். அந்தக் கேள்வி வந்தது.

"முதல்நாள் ஒரு நோவும் இருக்கேல்லையோ?"

"நெஞ்செரிவுன்னு சொன்னான்."

"மருந்து ஏதும் எடுத்தவரோ?"

"கடையில ஏதோ வாங்கிக் குடிச்சிருக்கான்" என்றேன்.

பாமசிப் பெயர் எழுதிய கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நின்று அதைச் சொன்னேன். அவர் என் கோட்டைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் தம்பியை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். படிக்குக் கீழே அப்பா இறங்கி வந்து காத்திருந்தார். தம்பி பதினைந்து படிகூட ஏறவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அவன் மனைவி பையைக் கீழே வைத்துவிட்டு அவனைத் தாங்கினாள். முன்னால் ஏறிப்போய்க்கொண்டிருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். எழுபது வயது மனிதர், மூன்று குழாயும் ஒடுங்கியவர், மகனுக்காகத் திரும்பக் கீழே இறங்கி வந்தார். இரண்டு பேரும் ஒரே படியில் உட்கார்ந்தார்கள். கீழே ரோட்டில் ஸ்கூல் விட்டு வந்துகொண்டிருந்த பேத்தி, "அப்பாவும் தாத்தாவும் ஏன் நடுவுல உக்காந்திருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு தம்பியால் லொறி ஓட்ட முடியவில்லை. இருதயத்தின் முன்பக்கத் தசை செத்துவிட்டது, இனி அது பழையபடி அடிக்காது என்றார்கள். முதலாளி அவனைக் கடையில் பில் எழுத உட்கார வைத்தார். அந்தக் கதிரையை அவன் வெறுத்தான். முன்பு அவனோடு சேர்ந்து சாக்குத் தூக்கியவர்கள் இப்போது அவனை ஒரு தண்ணீர்ப் போத்தலைக்கூடத் தூக்க விடுவதில்லை. அது அவனுக்கு அதைவிட வெறுப்பாக இருந்தது.

கிளினிக்கில் நீள மர வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் அப்பா வயதுக்காரர்கள். முதல் மாதம் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் அவனிடம் கேட்டார்: "யாரக் கூட்டிட்டு வந்தீங்க தம்பி?"

"எங்கப்பாவ" என்றான்.

நான் அவனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து போனான். அந்தப் பெரியவர் அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா பதினேழு வருடமாக ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிட்டதில்லை. தம்பி நான்காவது மாதமே தவறவிட்டான். உடம்பு நன்றாக இருக்கிறதாம், பிறகெதற்கு என்றான். உண்மை அதுவல்ல. கடையில் மற்றவர்கள் முன்னால் மாத்திரை அட்டையை எடுப்பதற்கு அவனுக்கு வெட்கம். அவன் மனைவிதான் விடவில்லை. காலையும் இரவும் கையில் வைத்து, வாயில் போட்டு, விழுங்குகிறானா என்று பார்த்துவிட்டுத்தான் நகருவாள். பன்வில மலையிலிருந்து வந்த, குரலை உயர்த்தியே பேசத் தெரியாத பெண். அவள் ஒரு நாள் அவனிடம், "நீங்க சாகுறதுன்னா என்னையும் பிள்ளையையும் கேட்டுட்டுத்தான் சாகணும்" என்று கத்தியது பக்கத்து வீடுவரை கேட்டது. சிகரெட்டை அன்றைக்குத்தான் அவன் முழுதாக விட்டான்.

இப்படி வீட்டிலிருந்த எல்லாக் கண்களும் தம்பியின் பக்கம் திரும்பியிருந்தன. அவன் இருமினால் நான் எழுந்திருப்பேன். அவன் படியில் நின்றால் மனைவி கீழே ஓடுவாள். இப்போது அவனுக்கும் தேங்காய்ப்பால் இல்லாத குழம்புதான்.

அந்த நாட்களில் அப்பா பழுப்புப் போத்தலை எடுப்பதே இல்லை என்பதைக் கவனித்தேன். முன்பெல்லாம் இரண்டு மாதத்துக்கு ஒன்று வாங்கி வருவேன். இப்போது அது அப்படியே நிறைந்திருந்தது. வலி இல்லை என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு பக்கம் கடவுள் எடுத்தாலும் மறுபக்கம் கொடுத்திருக்கிறார் என்று தம்பி மனைவியிடம் சொன்னேன்.

அவர் ரோட்டுக்கு இறங்குவதையே விட்டுவிட்டார். படியில் உட்கார்ந்து ஆட்களோடு பேசுவதில்லை. பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு காலையிலேயே கண்ணயர்ந்துவிடுவார். தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டுப் பசியில்லை என்பார். குளித்துவிட்டு வந்தால் கட்டிலில் உட்கார்ந்து நீண்ட நேரம் மூச்சு வாங்குவார்.

"அப்பாவுக்கு ஏதோ சரியில்ல அக்கா" என்றாள் தம்பி மனைவி ஒரு நாள்.

"வயசாகுதில்ல" என்றேன். "எழுபத்திரண்டு நடக்குது. இனி அப்படித்தான்."

அந்த மாதம் அப்பாவின் கிளினிக் நாளும் தம்பியின் இருதய ஸ்கேன் நாளும் ஒன்றாக வந்தன. இரண்டுக்கும் நான்தான் போக வேண்டும். ஸ்கேன் எடுக்கும் இடம் வேறு, ஒரே காலையில் இரண்டு இடத்தில் நிற்க முடியாது.

"அப்பா, உங்களோடத அடுத்த மாசம் பாத்துக்கலாமா? மாத்திரை நான் எடுத்துட்டு வந்துர்றேன்."

"அவனப் பாரும்மா. எனக்குத்தான் நோவே இல்லையே" என்றார்.

தம்பியின் ஸ்கேன் முன்பைவிடக் கொஞ்சம் நன்றாக இருந்தது. வரும் வழியில் கேக் வாங்கிக்கொண்டு வந்தோம். அப்பாவும் ஒரு சின்னத் துண்டு சாப்பிட்டார். பதினோரு நாள் கழித்து ஒரு காலையில் அவரால் மூச்சுவிட முடியவில்லை. என் அறை வாசலில் நின்று என்னைக் கூப்பிடப் பார்த்தவர், குரல் வராமல் கதவைத் தட்டினார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. அந்தக் கால்களை நான் எத்தனை நாளாகப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் யோசித்தேன். அக்கம்பக்கத்து ஆட்கள் கதிரையில் வைத்து அவரைப் படியிறக்கினார்கள். தூக்க முடியாத தம்பி மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இது இன்று வந்ததல்ல, சில நாட்களுக்கு முன்பே ஒரு அட்டேக் வந்துபோயிருக்கிறது என்றார்கள். பல வருடமாகச் சீனி இருப்பவர்களுக்கு நரம்பு மரத்துவிடும், வலி தெரியாமலே வரும் என்றார்கள். வலி இல்லை என்று நான் சந்தோஷப்பட்ட அந்த மாதங்களைப் பற்றித்தான் அவர்கள் பேசினார்கள். களைப்பு, இளைப்பு, சாப்பாட்டில் மனமில்லாமல் போவது. இவற்றை எனக்கு ஒருவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். காகிதத்தில் கோடு கிழித்துக் காட்டிச் சொல்லியிருந்தார். தம்பியின் நோயை அப்பாவின் நோயை வைத்து அளந்து ஏமாந்தேன். பிறகு அப்பாவின் நோயை எதை வைத்தும் அளக்கவே இல்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் பார்வை நேரத்தில் அப்பா முகத்திலிருந்த மாஸ்கைக் கொஞ்சம் விலக்கினார்.

"அன்னைக்கு அந்தச் சிங்கள டொக்டர் சொன்னாரே, ஞாபகம் இருக்கா?"

"பேசாதீங்கப்பா. மூச்சு வாங்கும்."

"இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"எனக்கும் ஒரு நாளும் மறக்கல. அவன்கிட்ட சொல்லிரும்மா. நான்தான் வேணாம்னேன்னு சொல்லு. உன்ன நீயே இதுல இழுத்துக்காத."

மாஸ்கை அவர் முகத்தில் சரிசெய்து வைத்தேன். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு அவர் போய்விட்டார்.

கருமாதி முடிந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தம்பியும் அவன் மனைவியும் குசினி மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை வெளியில் விளையாடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கிளினிக்கில் கேட்டதையும், பஸ்ஸில் பேசியதையும், அவர்கள் கல்யாணத்துக்காக மறைத்ததையும், யாழ்ப்பாணத்து டொக்டரிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். அப்பா சொல்லச் சொன்னபடி சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் மறைத்தோம், அப்பா வேண்டாம் என்றது ஒரு நாள்தான், மிச்சப் பத்து வருடமும் என்னுடையது என்றேன்.

தம்பி மேசைமேல் இருந்த உப்புப் போத்தலை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தான். கடைசியில், "விடு அக்கா" என்றான். "சொல்லியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். அந்த வயசுல நான் யாரு பேச்சக் கேட்டேன்?"

எனக்குச் சுமை இறங்கியது மாதிரி இருந்தது. அழுகை வந்துவிட்டது. அப்போது அவன் மனைவி எழுந்தாள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அவரு போயிருக்க மாட்டாரு. நான் இழுத்துட்டுப் போயிருப்பேன்."

தட்டுகளை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போய்விட்டாள். தம்பி அவளைக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

அவள் சொன்னது உண்மை. அவள் இழுத்துக்கொண்டு போயிருப்பாள். மாத்திரையை வாயில் போட்டு விழுங்க வைத்த பெண் அவள். இரத்தம் எடுக்க ஒரு மனிதனைக் கூட்டிப்போவது அவளுக்கு ஒரு பெரிய வேலையா? அவளுக்குத் தெரியக்கூடாது என்றுதானே நாங்கள் மறைத்தோம். அவனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே ஆளிடமிருந்துதான் மறைத்திருக்கிறோம்.

மூன்று வாரம் அவள் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. கோபித்துச் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சோறு போட்டு வைப்பாள், என் கோட்டைத் துவைத்துப் போடுவாள், நான் வந்தால் அறைக்குள் போய்விடுவாள். பிறகு ஒரு நாள் பிள்ளைக்கு ஸ்கூலுக்கு லீவு போட்டு எங்கேயோ கூட்டிப்போனாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது பிள்ளையின் முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. பத்து வயதுப் பிள்ளை, ஊசிக்குத் தான் அழவே இல்லை என்று பெருமையாகச் சொன்னாள்.

முடிவு வந்த நாளும் எனக்குச் சொல்லவில்லை. காகிதம் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. பாமசியில் இருப்பவளுக்கு அதைப் படிப்பது ஒரு நிமிட வேலை. நான் தொடவில்லை. இரண்டு நாள் கழித்து அவளாகவே, வெங்காயம் உரித்துக்கொண்டே, "பிள்ளைக்குக் கொலஸ்ட்ரோல் கொஞ்சம் கூடத்தான் இருக்காம். இப்பவே கவனிச்சா போதுமாம்" என்றாள். பிறகு, "நீங்களும் பாத்துக்கங்க அக்கா. உங்களையும்தானே சொன்னாராம் அந்த டொக்டர்" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள்தான் என்னைக் கூட்டிப்போனாள். நான் தனியாகப் போய்க்கொள்கிறேன் என்றதற்கு, "உங்க பேச்ச நம்ப முடியாது" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். சிரித்தாளா இல்லையா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இருவரும் படியிறங்கிப் பஸ்ஸுக்குப் போனோம்.